முட்டை, ஹாம், பேகல்: காலைச் சாண்ட்விச்சில் கோளாறு கண்டால் எங்கே பார்ப்பது

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் காலை ரயிலைப் பிடிக்க ஓடுபவரின் கையில் அலுமினியத் தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் முட்டையும் சீஸும் ஏதேனும் ஓர் இறைச்சியும் வைத்த பேகலாகவோ (நடுவில் துளையுள்ள வளைய ரொட்டி) சாதாரண ரொட்டியாகவோ இருக்கும். டெலி எனப்படும் சாண்ட்விச் கடையில் சில நிமிடங்களில் சுற்றித் தரும் அந்தப் பண்டத்தை அதே பொருள்களைக் கொண்டு வீட்டில் செய்யும்போது, ஒரு நாள் உள்ளிருப்பது வெளியே பிதுங்குகிறது, மறுநாள் அடித்துண்டு ஊறிப்போகிறது, அடுத்த நாள் பேகல் பல்லைப் பதம் பார்க்கிறது. எங்கள் வீட்டில் வேலைநாள்களில் இதுவே வழக்கமான காலையுணவு என்பதால், எந்தக் கோளாறு எங்கிருந்து கிளம்புகிறது என்பது நன்கு பழகிவிட்டது. அவற்றில் முக்கால்வாசி ஈரத்தால் வருபவை. கடிக்கும்போது தெரிகிற குறை, அடுக்கும்போது உண்டானதாக இராது. அதற்கும் முன்னால், தவாவிலோ டோஸ்டரிலோ, சில வேளைகளில் கடையில் பொட்டலத்தைத் தேர்ந்தெடுத்தபோதோ உண்டாகியிருக்கும். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு குறைக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், புதிதாக எதையாவது வாங்க வேண்டிய காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். மேலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு வரலாம். குறை நீங்கிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நான் வைத்திருக்கும் அளவு இது: ஏறத்தாழ 100 முதல் 115 கிராம் எடையுள்ள ஒரு பேகல், 2 பெரிய முட்டை, மெல்லியதாகச் சீவிய ஹாம் (பதப்படுத்திய பன்றித் தொடை இறைச்சி) 50 முதல் 60 கிராம், சீஸ் ஒரு வில்லை, வெண்ணெய் ஒரு தேக்கரண்டி. உங்கள் அளவு இதிலிருந்து வெகுவாக விலகியிருந்தால், முதலில் இந்த அளவுக்கு வந்துவிட்டுப் பிறகு குறையைத் தேடுவது நல்லது.

## கடித்தவுடன் உள்ளிருப்பது பின்பக்கமாகப் பிதுங்கி வருகிறது

எல்லாரும் முதலில் சொல்லும் குறை இதுதான். முட்டையைத் திட்டிப் பயனில்லை. பேகல் உறுதியாகவும் உள்ளிருப்பது வழுக்கலாகவும் இருந்தால், பற்கள் மேல்துண்டைத் துளைப்பதற்குள் நடுவில் இருப்பது ஓடிவிடும்.

அடுக்கு வரிசையை முதலில் பாருங்கள். ஹாம் வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாகப் பரப்பியிருந்தால் அவை சீட்டுக்கட்டைப் போல ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். ஒவ்வொரு வில்லையையும் புடவைக் கொசுவம் எடுப்பதுபோல மடித்து மடித்து வைத்தால் பிடிமானம் வந்துவிடுகிறது. சீஸ் வில்லையை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை அடித்துண்டின் வெட்டுமுகத்திலும் மறுபாதியை ஹாமுக்கும் முட்டைக்கும் இடையிலும் வையுங்கள். உருகிய சீஸ் இரண்டு இடங்களில் பசையாக நிற்கும்போது பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முட்டையின் மேல் ஒன்றும் வைக்காமல் நேரே மேல்துண்டால் மூடுங்கள்.

அடுத்து, முட்டையின் வடிவம். ஆம்லெட் பேகலைவிட அகலமாக இருந்து விளிம்பு வெளியே தொங்கினால், கடிக்கும்போது அந்த விளிம்புதான் முழுத் துண்டையும் இழுத்துக்கொண்டு வரும். தவாவில் மெல்லிய ஆம்லெட்டாக ஊற்றி, மேற்புறம் இன்னும் சற்றே ஈரமாக இருக்கும்போது நான்கு பக்கமும் உள்ளே மடித்து, பேகலைவிட ஒரு விரற்கிடை சிறிய சதுரமாக்கித் திருப்பிப் போடுங்கள். வளையத்துக்குள் ஊற்றிச் சுட்ட கனமான வட்ட முட்டை பார்க்க அழகாக இருந்தாலும், தடிமன் கூடுவதால் பிதுங்குவது அதிகம்.

ஹாமின் ஈரம். வில்லைகளைப் பொட்டலத்திலிருந்து எடுத்தவுடன் காகிதத் துண்டால் ஒற்றிப் பாருங்கள். துண்டு நனைந்துவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. ஒற்றி எடுத்து, எண்ணெய் விடாத சூடான தவாவில் பக்கத்துக்கு அரை நிமிடம் போட்டு எடுத்தால் வழுக்கல் போய்விடும்.

பேகலின் தடிமன். மேற்சொன்ன எதனாலும் அடங்கவில்லையென்றால், மேல்துண்டின் உட்பக்க மெத்தையை விரலால் கிள்ளி எடுத்துப் பள்ளமாக்கிக்கொள்ளலாம். நியூயார்க் கடைகளில் இப்படிக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. அதை வீணடிப்பு என்று கருதுகிறவர்களும் உண்டு. என் கருத்தில் மெத்தையை எடுப்பதைவிட, சற்றுத் தட்டையான பேகலைத் தேடி வாங்குவது மேல். நன்றாக உப்பிய பேகல் கிரீம் சீஸ் தடவிப் பிட்டுச் சாப்பிடுவதற்கு அருமையானது. முட்டை வைப்பதற்குத்தான் அது ஒத்துவருவதில்லை.

## அடித்துண்டு ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடுகிறது

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: செய்த உடனே ஊறுகிறதா, பொட்டலம் கட்டிச் சற்று நேரம் கழித்து ஊறுகிறதா? இரண்டுக்கும் காரணம் வேறு.

### செய்த உடனே ஊறினால்

வெட்டுமுகம் போதிய அளவு வாட்டப்படவில்லை என்பதே எளிய காரணம். விரல் நகத்தால் வெட்டுமுகத்தைச் சுரண்டிப் பாருங்கள். சரசரவென்று ஓசை வர வேண்டும். ஓசை வந்தும் ஊறுகிறதென்றால், வெண்ணெயைத் துளையைச் சுற்றி மட்டும் தடவாமல் ஓரம்வரை தடவினீர்களா என்று பாருங்கள். வெண்ணெய் சுவைக்காக மட்டும் அன்று, ஈரத்தைத் தடுப்பதற்கும் சேர்த்துத்தான். தக்காளியோ கீரையோ சேர்த்திருந்தால் அவற்றை ஹாமுக்கு மேலே வையுங்கள். தக்காளியை வெட்டி உப்புத் தூவி ஐந்து நிமிடம் காகிதத் துண்டில் கிடத்திவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஊறினால் ஹாமை மாற்ற வேண்டியதுதான். அமெரிக்காவில் விற்கும் ஹாம் பொட்டலத்தின் முகப்பில் உள்ள பெயரே அதற்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. வெறுமனே ‘ஹாம்’ என்றிருந்தால், கொழுப்பை நீக்கிய எடையில் புரதம் குறைந்தது 20.5 விழுக்காடு இருக்க வேண்டும். ‘இயற்கைச் சாறுடன் கூடிய ஹாம்’ என்றால் 18.5, ‘நீர் சேர்த்த ஹாம்’ என்றால் 17. அதற்கும் கீழே போனால் ‘ஹாமும் நீரும் சேர்ந்த தயாரிப்பு’ என்று எழுதி, சேர்த்த பொருள்களின் விழுக்காட்டையும் அச்சிட வேண்டும் என்பது அந்நாட்டு வேளாண்மைத் துறையின் விதி. கடைசி வகை மலிவு. பேகலுக்குள் வைத்தால் அந்த மலிவுக்கான விலையைப் பேகல்தான் கொடுக்கும். முதல் இரண்டு வகைகளில் ஒன்றை வாங்குங்கள்.

பன்றி இறைச்சி உண்ணாதவர்கள் வான்கோழி ஹாம் வைப்பார்கள். அது வான்கோழியின் தொடை இறைச்சியில் செய்வது. கொழுப்பு குறைவு என்பதால் தவாவில் அதிக நேரம் போட்டால் தோலாகிவிடும். ஈரம் ஒற்றி, சூடு காட்டி எடுத்தால் போதும்.

### பொட்டலம் கட்டிய பிறகு ஊறினால்

இங்கே நீர் வெளியிலிருந்து வரவில்லை. சூடான பேகலும் முட்டையும் விடும் ஆவி அலுமினியத் தாளில் மோதித் திரும்பிச் சொட்டுகிறது. வாட்டிய துண்டுகளைத் தட்டில் படுக்க வைக்காமல், கூடாரம்போல ஒன்றன்மீது ஒன்று சாய்த்து ஒரு நிமிடம் நிறுத்தி வையுங்கள். தட்டில் படுத்துக் கிடந்த துண்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வியர்வைத் துளிகள்போல ஈரம் படர்ந்திருப்பது தெரியும். அதுதான் நாம் தவிர்க்க வேண்டியது. முட்டையையும் அரை நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு முதலில் பார்ச்மென்ட் தாளில் அல்லது டெலிக் கடைகளில் பயன்படுத்தும் மெழுகுத் தாளில் சுற்றி, அதன் மேல் அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். உட்தாள், அலுமினியத் தாள் பேகலை நேரே தொடாமல் காக்கும். இந்தக் குறைக்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியிராது. விலையுயர்ந்த மதிய உணவுப் பெட்டிக்குள் வைத்து மூடினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

## முட்டை சரியாக வருவதில்லை

### ரப்பரைப் போல இழுக்கிறது

அடுப்பைக் குறையுங்கள். முட்டையின் வெள்ளைக்கரு 62 பாகை செல்சியஸ் அளவிலேயே இறுகத் தொடங்கிவிடுகிறது; 71 பாகையில் உண்பதற்குப் பாதுகாப்பானதாகிவிடுகிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகையும் மென்மையைக் குறைக்கும். தவாவில் வெண்ணெய் நுரைத்து அடங்கும் தருணத்தில் ஊற்ற வேண்டும். வெண்ணெய் பழுப்பாகிவிட்டால் சூடு மீறிவிட்டது என்று பொருள். நம் வீடுகளில் ஆம்லெட் ஓரம் மொறுமொறுவென்று பொன்னிறமாக வர வேண்டும் என்று பழகியிருக்கிறோம். சோற்றுக்கு அது பொருந்தும். ஏற்கெனவே மென்று களைக்கும் பேகலுக்குள் மென்மையான முட்டைதான் பொருந்தும். அடித்த முட்டையில் ஒரு தேக்கரண்டி பால் சேர்ப்பதும் சிறிது உதவும்.

### பிழிந்தால் நீர் விடுகிறது

இதுவும் மிகையாக வேகவைத்ததன் விளைவே. சிறு தீயில் செய்தும் நீர் விடுகிறதென்றால், உள்ளே போட்ட வெங்காயம், குடைமிளகாய், காளான் ஆகியவற்றைப் பச்சையாகப் போட்டீர்களா என்று பாருங்கள். அவற்றைத் தனியே வதக்கி ஈரம் வற்றிய பிறகே முட்டையில் சேர்க்க வேண்டும்.

### தவாவில் ஒட்டிப் பிய்கிறது

இரும்புத் தவா அல்லது எஃகுத் தவா என்றால், காலித் தவாவைச் சூடாக்கிய பிறகு கொழுப்பை விட்டு, அதுவும் சூடான பின் முட்டையை ஊற்றுங்கள். நான்-ஸ்டிக் தவா என்றால் முறை நேர்மாறானது: காலியாக அதிகச் சூட்டில் விட்டால் அதன் பூச்சு கெடும். பழைய எண்ணெய்ப் பிசுக்கு பிசினாகப் படிந்திருந்தாலும் ஒட்டும். வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு மென்மையான பஞ்சினால் தேய்த்துப் பாருங்கள். பூச்சு உரிந்து அடியிலுள்ள உலோகம் தெரிகிறதென்றால் தேய்ப்பதில் பயனில்லை, தவாவை மாற்றிவிடுங்கள்.

### ஒரு பக்கம் தீய்கிறது, மறுபக்கம் வேகவில்லை

தவாவில் சிறிது எண்ணெய் விட்டுப் பாருங்கள். எண்ணெய் ஓர் ஓரமாக ஓடிச் சேர்ந்தால் தவாவின் அடி வளைந்திருக்கிறது, அல்லது அடுப்பு சாய்ந்திருக்கிறது. தவாவை வேறு பர்னரில் வைத்தும் எண்ணெய் அதே பக்கம் ஓடினால் குறை தவாவில்தான். எரிவாயு அடுப்பில் பர்னரின் சில துளைகளிலிருந்து மட்டும் சுடர் வரவில்லை என்றால், அடுப்பு ஆறிய பின் மூடியைக் கழற்றிக் கழுவி, துளைகளை ஊசியால் குத்தி, நன்கு உலர்த்திப் பொருத்துங்கள். அப்படியும் சுடர் மஞ்சளாகவே எரிந்தால் பழுது பார்ப்பவரை அழைக்க வேண்டும். எரிவாயு வாடை வந்தால் எந்த விசையையும் தொடாமல் எல்லாரும் வெளியே வந்து, வெளியிலிருந்தே எரிவாயு நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள்.

### மஞ்சள்கரு துளை வழியாக வடிகிறது

பேகலுக்கே உரிய குறை இது. பிற ரொட்டிகளில் நேராது. அரைவேக்காட்டு மஞ்சள்கரு முதல் கடியில் உடைந்து, அடித்துண்டின் நடுத்துளை வழியே இறங்கி, மணிக்கட்டைத் தாண்டிச் சட்டைக் கைக்குள் போய்விடும். மடித்த ஹாமைத் துளையின் மேல் நேராக வைத்து, அதன் மேல் முட்டையை வைத்தால் துளை அடைபடும். அடியில் உள்ள அரை வில்லை சீஸும் துளையை மூடியிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் நடந்துகொண்டே சாப்பிடப் போகிறவருக்கு இதுவும் போதாது. அவருக்கு மஞ்சள்கருவைத் தவாவிலேயே உடைத்துப் பரப்பி, இறுகும்வரை வேகவைத்துத் தருவதே உத்தமம்.

கருவுற்றவர்கள், முதியவர்கள், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு வடியும் மஞ்சள்கரு வேண்டாம். அவர்கள் விரும்பிக் கேட்டால், ஓட்டோடு பாஸ்டரைஸ் செய்து (நுண்ணுயிரிகள் அழியும் அளவு சூடாக்கி) விற்கும் முட்டையை வாங்குங்கள்.

### முட்டை பச்சை நிறமாகிறது

அடித்த முட்டையைச் சூட்டிலேயே நெடுநேரம் வைத்திருந்தால் இரும்பும் கந்தகமும் சேர்ந்து பச்சை நிறம் உண்டாகும். தீங்கில்லை. அடுத்த முறை உடனுக்குடன் எடுத்துவிடுங்கள்.

## பேகல் கல்லாக இருக்கிறது, அல்லது தோலைப் போல இழுக்கிறது

பேகல் மாவைச் சுடுவதற்கு முன் கொதிநீரில் போட்டு எடுப்பதால்தான் அதன் தோல் பளபளப்பாகவும் உறுதியாகவும் வருகிறது. ஆகவே ஓரளவு மென்று தின்ன வேண்டியிருப்பது குறையன்று; தாடை வலித்தால்தான் குறை.

எங்கே வைத்திருந்தீர்கள் என்பதே முதல் கேள்வி. ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் அதுவே காரணம், வேறு எதையும் தேட வேண்டாம். ரொட்டி வகைகள் ஃப்ரிட்ஜின் குளிரில், வெளியே இருப்பதைவிட விரைவாக இறுகும். வாங்கிய அன்றும் மறுநாளும் உண்ணப் போவதைக் காகிதப் பையில் வெளியே வையுங்கள். மீதியை வாங்கிய அன்றே நறுக்கி, துண்டுகளுக்கிடையே தாள் வைத்து, காற்றை வெளியேற்றிய பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். நறுக்காமல் உறையவைத்தால் காலையில் கத்தியோடு மல்லுக்கட்ட நேரிடும்.

ஏற்கெனவே இறுகிவிட்டதை மீட்க, முழுப் பேகலை ஓடும் குழாய் நீரில் ஒரு கணம் காட்டி, 350 பாகை ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 175 செல்சியஸ் சூட்டிலுள்ள ஓவனில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, அதன் பிறகு நறுக்கி வாட்டுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் உடனே மிருதுவாகி, சட்டை மாட்டிக்கொண்டு வருவதற்குள் முன்னைவிட மோசமாக இறுகிவிடும். மீட்ட பேகலை அப்போதே உண்டுவிட வேண்டும். மறுமுறை மீட்டால் வராது.

புதிதாக வாங்கியதே இப்படி இருந்தால், வாட்டும் நேரத்தைக் குறையுங்கள். இருபுறமும் சூடு பட்டுத் தோல் மேலும் காய்கிறது என்றால் டோஸ்டரைப் பற்றிய பகுதிக்குப் போங்கள். அதுவும் சரியாக இருந்தால் கடையை மாற்றிப் பாருங்கள். நியூயார்க் பாணிப் பேகல் உப்பிப் பருத்திருக்கும்; மான்ட்ரியால் பாணிப் பேகல் தேன் கலந்த நீரில் வேகவைத்து விறகு அடுப்பில் சுடப்படுவது, மெலிந்தும் துளை பெரிதாகவும் இருக்கும். பின்னதை முட்டைச் சாண்ட்விச்சுக்கு எடுத்தால் துளை வழியே எல்லாம் கொட்டும். காலை எட்டு மணிக்கு முன் போனால் எந்த வகை அன்று சுட்டது, எது நேற்றையது என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார், வெட்கப்படாமல் கேளுங்கள். போலந்து யூதர்களோடு வந்த பண்டம் இது என்பதால் பல நல்ல பேகல் கடைகள் யூத உணவு நெறிப்படி நடப்பவை. அங்கே ஹாம் கிடைக்காது, பேகலை மட்டும் வாங்கி வந்து வீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

## ஹாமில் தெரியும் குறைகள்

தவாவில் போட்டதும் கிண்ணம்போலக் குவிகிறது. விளிம்பு நடுப்பகுதியைவிட விரைவாகச் சுருங்குவதால் வருவது. நியூ ஜெர்சிக்காரர்களுக்கு இதற்குத் தீர்வு சொல்லித்தர வேண்டியதில்லை: 1856இல் டிரென்டன் நகரத்து ஜான் டெய்லர் உருவாக்கிய, வடக்கே டெய்லர் ஹாம் என்றும் தெற்கே போர்க் ரோல் என்றும் அழைத்து ஓயாமல் சண்டையிடும் அந்த இறைச்சியை வாட்டும்போது, வில்லையின் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கிச் சில கீறல்கள் போடுவார்கள். சற்றுக் கனமான ஹாம் வில்லைக்கும் அதே கீறல் போதும். மெல்லியதாகச் சீவியதற்கு அதுவும் வேண்டாம், மடித்து வைத்தே சூடாக்கலாம்.

உப்புக் கரிக்கிறது. முட்டையில் உப்புப் போடுவதை நிறுத்துங்கள். உப்பில்லாத வெண்ணெய்க்கு மாறுங்கள். பேகலின் மேல் உப்பும் எள்ளும் பூண்டும் தூவிய ‘எவ்ரிதிங்’ வகையை எடுத்திருந்தால் வெற்றுப் பேகலுக்கு மாறுங்கள். இவ்வளவு செய்தும் கரித்தால், வாங்கியது உப்பிட்டு உலர்த்திய கன்ட்ரி ஹாமா என்று பாருங்கள். அதன் வில்லைகளை நீரில் ஒரு கொதி விட்டு, நீரைக் கொட்டி, ஒற்றி எடுத்து வாட்ட வேண்டும்.

வானவில் நிறம் மினுங்குகிறது. வெட்டிய தசைநார்களில் ஒளி சிதறுவதால் தெரிவது; அது மட்டுமே இருந்தால் கெட்டுப்போனதற்கு அடையாளமன்று. தொட்டால் வழவழவென்று நூல்விட்டாலோ புளித்த வாடை அடித்தாலோ, சுவைத்துப் பார்க்கக்கூட முற்படாமல் தூக்கி எறிந்துவிடுங்கள். திறந்த பொட்டலத்தையும் டெலியில் சீவி வாங்கியதையும் 3 முதல் 5 நாள்களுக்குள் முடித்துவிட வேண்டும். கருவுற்றவர்களுக்குத் தருவதாக இருந்தால் ஹாமை ஆவி பறக்கும் சூட்டுக்கு, அதாவது 74 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கியே தர வேண்டும். குளிர்ந்த நிலையிலுள்ள டெலி இறைச்சியில் லிஸ்டீரியா என்னும் நுண்ணுயிரி இருக்கக்கூடும். உண்ட பின் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், பல நாள் கழித்து வந்தாலும், மருத்துவரிடம் ஹாம் உண்டதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

## சீஸ் உருகவில்லை, அல்லது எண்ணெயாகப் பிரிகிறது

உருகவில்லை என்றால் அதைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். தவாவில் முட்டையைத் திருப்பிப் போட்டவுடன் அதன் மேல் சீஸை வைத்து, ஓரத்தில் ஒரு தேக்கரண்டி நீர் விட்டு, மூடி போட்டு, அடுப்பை அணைத்துவிட்டு அரை நிமிடம் காத்திருந்து, சீஸ் பக்கம் கீழே வரும்படி ஹாமின் மேல் கவிழுங்கள். அடித்துண்டில் வைக்கும் பாதியைப் பேகல் டோஸ்டரிலிருந்து வந்த சூட்டிலேயே வைத்துவிட வேண்டும்.

எண்ணெயாகப் பிரிந்தால் நன்கு முதிர்ந்த செடாரைப் பயன்படுத்தியிருப்பீர்கள். இளம் செடாரோ சுவிஸ்ஸோ எடுங்கள். சுவைக்குப் பேர்போனவர்கள் ஏளனம் செய்யும் மஞ்சள் நிற அமெரிக்கன் சீஸ் இந்த ஒரு வேலைக்கு எல்லாவற்றையும்விட ஏற்றது. அதிலுள்ள உப்புச் சேர்மங்கள் கொழுப்பைப் பிரியவிடுவதில்லை.

## டோஸ்டர் சொன்னபடி கேட்பதில்லை

வெளிப்பக்கம் கருகுகிறது, வெட்டுமுகம் வெளுத்திருக்கிறது. ‘பேகல்’ பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான டோஸ்டர்களில் ஒரு பக்கக் கம்பிகள் மட்டும் முழுச் சூட்டில் எரியும். ஒன்றும் போடாமல் இயக்கி, சற்றுத் தள்ளி நின்று, எந்தக் கம்பிகள் சிவக்கின்றன என்று பாருங்கள். வெட்டுமுகம் அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

துண்டு சிக்கிக்கொண்டது. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஆறட்டும். பிறகு மரக் குறடால் எடுங்கள், கரண்டியையோ முள்கரண்டியையோ உள்ளே விடாதீர்கள். புகையோ தீயோ வந்தாலும் பிளக்கைப் பிடுங்குவதே முதல் வேலை, நீர் ஊற்றக்கூடாது. தீ அடங்காமல் வெளியே எட்டிப்பார்த்தால் வீட்டைவிட்டு வெளியேறி 911 என்னும் அமெரிக்க அவசர எண்ணை அழையுங்கள்.

நெம்புகோல் கீழே நிற்க மறுக்கிறது. மின்சாரம் வராவிட்டால் அது நிற்காது. சுவரிலுள்ள பிளக்குப் புள்ளியில் ‘ரீசெட்’ பொத்தான் துள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து அடித்தட்டை இழுத்துத் துகள்களைக் கொட்டுங்கள். எள்ளும் கசகசாவும் உதிரும் பேகல் வகைகள் இந்தத் தட்டை வேகமாக நிரப்பும். இரண்டும் சரி என்றால் டோஸ்டரின் ஆயுள் முடிந்தது. மலிவான டோஸ்டரைப் பழுது பார்ப்பதற்குக் கொடுக்கும் கூலியில் புதியதே வாங்கிவிடலாம்.

டோஸ்டரைப் போட்டால் பிரேக்கர் (மின்சாரம் மிகும்போது அதைத் துண்டிக்கும் விசை) விழுகிறது. கூடவே மின்கெட்டிலும் ஓடுகிறதா? 120 வோல்ட்டில் 1,500 வாட் சாதனம் ஒன்று 12.5 ஆம்பியர் இழுக்கும். இரண்டு சேர்ந்தால் 25. அமெரிக்கச் சமையலறைச் சுற்றுகள் பெரும்பாலும் 20 ஆம்பியருக்கு உட்பட்டவை. காப்பித் தண்ணீர் கொதித்த பிறகு டோஸ்டரைப் போடுங்கள். டோஸ்டர் தனியாக ஓடும்போதே விழுந்தால் அதை வேறு சுற்றிலுள்ள புள்ளியில் போட்டுப் பாருங்கள். அங்கும் விழுந்தால் குறை டோஸ்டரில். பழைய இடத்தில் மட்டும் விழுந்தாலோ, அந்தப் புள்ளியின் மூடி சுட்டாலோ பழுப்பேறியிருந்தாலோ, அந்தச் சுற்றின் பிரேக்கரை அணைத்துவிட்டு உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். இதில் சொந்தக் கைவரிசை வேண்டாம்.

## நறுக்கும்போது கத்தி வழுக்குகிறது, துண்டுகள் கோணலாகின்றன

உள்ளங்கையில் வைத்து நறுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பேகலைப் பலகையில் படுக்க வைத்து, மேலே விரல்களை விரித்து அழுத்திப் பிடித்து, ரம்பப் பல் கொண்ட ரொட்டிக் கத்தியைப் பலகைக்கு இணையாக அறுப்பதுபோல ஓட்டுங்கள். பாதி வந்தவுடன் பேகலை நிமிர்த்தி நிறுத்தி மீதியைக் கீழ்நோக்கி அறுக்கலாம். கத்தியை அழுத்த வேண்டியிருந்தால் பல் மழுங்கிவிட்டது, புதியது வாங்குங்கள். வீட்டில் பதின்வயதினர் தாமே செய்துகொள்வதாக இருந்தால், பேகலை நிறுத்தி மேலிருந்து தகட்டை இறக்கும் வெட்டி ஒன்றை வாங்கி வைப்பது நல்லது.

விரலை வெட்டிக்கொண்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், நடுவில் திறந்து பார்க்காதீர்கள். அதற்குப் பிறகும் குருதி நிற்கவில்லை என்றாலோ, விரல் மரத்துப்போனாலோ, மடக்க முடியவில்லை என்றாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நரம்போ தசைநாணோ அறுபட்டிருக்கலாம்.

## முன்கூட்டியே செய்து உறையவைத்தது சூடாக்கினால் கெட்டுப்போகிறது

ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் செய்து வைப்பவர்கள் சொல்வது இது: ஓரம் தோலாகிறது, நடுவில் பனிக்கட்டி இருக்கிறது, முட்டை நீர் விடுகிறது. முட்டையும் ஹாமும் முழுதும் ஆறிய பின்னரே அடுக்கிச் சுற்ற வேண்டும். ஆனால் ஆறட்டும் என்று 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக்கூடாது. உறையவைக்கும் சாண்ட்விச்சில் தக்காளி, கீரை, அரைவேக்காட்டு மஞ்சள்கரு மூன்றும் கூடாது.

முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். காலையில் அலுமினியத் தாளை அகற்றி, காகிதத் துண்டில் சுற்றி, மைக்ரோவேவில் பாதித் திறனில் ஒன்றரை நிமிடம் வைத்து, பிறகு டோஸ்டர் ஓவனில் வெளிப்புறம் மொறுமொறுப்பாகும்வரை வையுங்கள். இரவே மாற்ற மறந்துவிட்டால், மேல்துண்டைப் பிரித்துவிட்டு முட்டை–ஹாம் பகுதியை மட்டும் மைக்ரோவேவில் சூடாக்குங்கள். பேகல் துண்டுகளை உறைந்த நிலையிலேயே டோஸ்டரில் போடுங்கள். சீஸ் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தால் மெல்லிய கத்தியை இடையில் விட்டு நெம்பலாம். அடுத்த முறை செய்யும்போது மேல்துண்டுக்கும் முட்டைக்கும் நடுவே ஒரு சதுரப் பார்ச்மென்ட் தாளை வைத்துவிட்டால் இந்த நெம்பலும் தேவைப்படாது.